அணைக்கும்போது உறைந்து நிற்கும் மடிக்கணினி: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டறிந்து சரிசெய்வது எப்படி

வேலை முடிந்து ‘ஷட் டவுன்’ கொடுத்த பிறகு திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக அணைக்கிறோம். மறுநாளும் அதே கதை. இணையத்தில் தேடினால் இருபது தீர்வுகள் கிடைக்கும். இருபதையும் வரிசையாகச் செய்து பார்த்த பிறகும் கோளாறு அப்படியே இருப்பதுண்டு. மடிக்கணினி அணைவது ஒரே செயலன்று. அது அடுத்தடுத்து நடக்கும் மூன்று கட்டங்கள் கொண்டது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கில் செய்ததாகவே முடியும். இந்த வழிகாட்டி விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகிய இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் கட்டத்தில், திறந்திருக்கும் செயலிகள் அனைத்துக்கும் ‘மூடிக்கொள்’ என்ற செய்தியை விண்டோஸ் அனுப்புகிறது. இரண்டாம் கட்டத்தில், நம் கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில், நினைவகத்தில் காத்திருக்கும் தரவு வட்டில் எழுதப்பட்டு, வைஃபை, திரை, யுஎஸ்பி முதலிய சாதனங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் தத்தம் சாதனத்தை உறங்கவைக்க, இறுதியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொறுப்பு தாய்ப்பலகையில் உள்ள அடிப்படை மென்பொருளான பயாஸிடம் ஒப்படைக்கப்படுகிறது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

எதையும் மாற்றுவதற்கு முன்

முக்கியமான கோப்புகளை ஒரு வெளிவட்டிலோ பென்டிரைவிலோ படியெடுத்து வையுங்கள். அணையும்போது உறைவது சில சமயம் வட்டு பழுதாகிவருவதன் முதல் அறிகுறியாக இருக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, ஒருமுறை உறையவிட்டு உட்கார்ந்து கவனியுங்கள். ஏதோ ஒரு செயலி அணையவிடாமல் தடுப்பதாகப் பெயருடன் ஒரு பட்டியல் தெரிந்தால், நிற்பது முதல் கட்டத்தில். ‘ஷட்டிங் டவுன்’ என்ற சொற்களோடு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் இரண்டாம் கட்டம் அல்லது மூன்றாம் கட்டத்தின் தொடக்கம். திரை முழுவதும் இருண்ட பிறகும் பவர் விளக்கு எரிந்து விசிறி ஓடிக்கொண்டிருந்தால், விண்டோஸ் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிட்டது. டிரைவரிலோ பயாஸிலோ கோளாறு.

அந்த நேரத்தில் கேப்ஸ் லாக் விசையை இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். விசையில் விளக்கு இருந்து, அது எரிந்து எரிந்து அணைந்தால், இயங்குதளம் உயிருடன் இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். விளக்கு அசையாமல் இருந்து, வட்டமும் பாதியில் நின்றிருந்தால் இயந்திரம் உண்மையாகவே உறைந்திருக்கிறது. காத்திருக்கும் இயந்திரத்துக்கு அவகாசம் கொடுக்கலாம். உறைந்த இயந்திரத்துக்குக் கொடுத்துப் பயனில்லை.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? திரையில் ‘அப்டேட்’ நடப்பதாக எழுதியிருந்தால், அதுவும் சுழலும் வட்டு உள்ள பழைய மடிக்கணினி என்றால், அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வட்டு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்வரை கைவைக்கக் கூடாது. அப்டேட் எதுவும் இல்லாத நாளில் 15 நிமிடம் போதும். அதன் பிறகு பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கலாம். அழுத்திப் பிடித்தால் அணையும் இந்த ஏற்பாட்டுக்கு மின்மேலாண்மைத் தரநிலை 4 வினாடி என்று வைத்திருக்கிறது. ஆனால் பல மடிக்கணினிகளில் 10 வினாடிக்கு மேல் பிடித்திருக்க வேண்டியிருக்கும். இப்படி அணைப்பதால் விண்டோஸின் கோப்பு அமைப்பு பொதுவாகச் சிதைவதில்லை, ஏனெனில் அது தன் மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டுதான் செய்கிறது. ஆனால் பாதி எழுதப்பட்ட உங்கள் கோப்புக்கு அந்தக் குறிப்பேடு பொறுப்பேற்பதில்லை.

அணைந்தது உண்மையில் அணைந்ததுதானா?

2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ என்ற சொல்லின் பொருளே மாறிவிட்டது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி இயக்கத்தில் இருக்கும்போது, விண்டோஸ் நம் செயலிகளை மூடி நம்மை வெளியேற்றுகிறது. ஆனால் இயங்குதளத்தின் மையப்பகுதியையும் டிரைவர்களையும் பின்னணிச் சேவைகளையும் நிறுத்துவதில்லை. அவற்றை இருந்த நிலையிலேயே வட்டில் ஒரு பெரிய கோப்பாக எழுதி, அடுத்த முறை அதைத் திரும்ப ஏற்றிக்கொள்கிறது. ஆகவே பத்து நாளாகத் தினமும் ‘அணைக்கப்படும்’ கணினி உண்மையில் பத்து நாளாக ஒரே அமர்வில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஐயம் இருந்தால், டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சிபியு பகுதியில் உள்ள ‘அப் டைம்’ எண்ணைப் பாருங்கள். நேற்றிரவு அணைத்த கணினி ஒன்பது நாளாக ஓடுவதாக அது சொன்னால் வியப்படைய வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், ‘ரீஸ்டார்ட்’ மட்டும் எப்போதும் முழுமையாக அணைந்தே தொடங்குகிறது.

இந்த வேறுபாடே நமக்கு முதல் சோதனை. ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ஷட் டவுன்’ என்பதைச் சொடுக்குங்கள். இது அந்த ஒருமுறை மட்டும் முழுமையாக அணைக்கும். இரண்டும் சரியாக நடந்து, வழக்கமான ஷட் டவுன் மட்டும் உறைகிறது என்றால், குற்றவாளி ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், அல்லது உறங்கும் நிலைக்குப் போக மறுக்கும் ஒரு டிரைவர். ரீஸ்டார்ட்டும் உறைகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏதோ ஒரு செயலி, சேவை அல்லது டிரைவர் எந்நிலையிலும் நிற்க மறுக்கிறது. ரீஸ்டார்ட் நடக்கிறது, ஷிஃப்ட்டுடன் அணைத்தால் திரை இருண்டு விளக்கு மட்டும் எரிகிறது என்றால், மின்சாரத்தைத் துண்டிக்கும் கடைசி நொடியில்தான் சிக்கல்.

விளைவு எதுவானாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை இப்போதே நிறுத்திவைப்பது நல்லது. கன்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ சென்று, இடப்புறத்தில் பவர் பொத்தான்களின் செயலைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பைச் சொடுக்குங்கள். கீழே உள்ள தேர்வுகள் மங்கலாக இருக்கும். மேலே கேடய அடையாளத்துடன் உள்ள வரியைச் சொடுக்கினால் அவை திறக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு எதிரே உள்ள குறியை நீக்கிச் சேமித்துவிடுங்கள். அந்தத் தேர்வே கண்ணில் படவில்லை என்றால் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவைத்து அணைக்கும் ஹைபர்னேட் வசதி முன்பே நிறுத்தப்பட்டிருக்கும். அப்படியானால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். சுழலாத வட்டான எஸ்எஸ்டி உள்ள கணினியில் இதனால் தொடக்கத்தில் சில வினாடிகள் கூடுமே தவிர வேறு இழப்பில்லை. ஒரே கணினியில் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இதை எப்படியும் நிறுத்தியே வைக்க வேண்டும்; இல்லையேல் வட்டில் விண்டோஸ் உள்ள பகுதி பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அதில் எழுத மறுக்கும்.

கணினி எழுதிவைக்கும் நாட்குறிப்பு

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இயங்கும்போது சேவைகள் நிறுத்தப்படுவதே இல்லை என்பதால், அவை குறித்த பதிவுகளும் இருப்பதில்லை. இப்போது முழுமையாக அணையத் தொடங்கிய பிறகு அந்தப் பதிவுகள் பேசும்.

ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கி ‘ஈவென்ட் வியூவர்’ திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம்’ பிரிவுக்குச் செல்லுங்கள். கணினி உறைந்த நேரத்தை ஒட்டிச் சில எண்களைத் தேட வேண்டும். 1074 என்பது அணைக்கும் கட்டளை எந்தச் செயலியால் எப்போது தரப்பட்டது என்பதைச் சொல்லும். 6006 என்பது இந்தப் பதிவுகளை எழுதும் சேவை முறையாக நின்றதைக் குறிக்கும். 6008, 41 ஆகிய இரண்டும் அடுத்த முறை கணினி எழுந்த பிறகு, ‘போன முறை முறையாக அணையவில்லை’ என்று எழுதிவைக்கும் குறிப்புகள். இந்த 41-ஐப் பார்த்து அஞ்சுபவர்கள் பலர். நாம் பொத்தானை அழுத்திப் பிடித்ததைத்தான் அது புகாராகச் சொல்கிறது, நோயின் பெயரைச் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது 6006 இருக்கிறதா என்பதே. 1074 இருந்து 6006 இல்லை என்றால், கணினி பெரும்பாலும் செயலிகளை அல்லது சேவைகளை நிறுத்தும் கட்டத்தைத் தாண்டவில்லை. இரண்டும் இருந்தும் உறைந்தது என்றால் டிரைவரையும் பயாஸையும் நோக்கி நகரலாம்.

நீண்ட நேரம் இழுத்தாலும் கடைசியில் தானாக அணைந்துவிடும் கணினியாக இருந்தால் இன்னும் வசதி. அதே ஈவென்ட் வியூவரில் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்’, அதனுள் ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’, ‘ஆபரேஷனல்’ என்று இறங்கிச் செல்லுங்கள். 200 என்ற எண் அணைய எடுத்த மொத்த நேரத்தையும், 201 முதலான எண்கள் தாமதப்படுத்திய செயலி, சாதனம், சேவை ஆகியவற்றின் பெயரையும் காட்டும். பாதிப் பேருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

கிடைக்காதவர்களுக்கு, நான் எப்போதும் பரிந்துரைக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘ஷட்டிங் டவுன்’ என்ற பொதுவான சொற்களுக்குப் பதிலாக, இந்தக் கணத்தில் எதை நிறுத்திக்கொண்டிருக்கிறேன் என்று விண்டோஸையே திரையில் எழுதவைக்கலாம். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ‘லோக்கல் மெஷின்’ என்று முடியும் பெருங்கிளையில், ‘சாஃப்ட்வேர்’, ‘மைக்ரோசாஃப்ட்’, ‘விண்டோஸ்’, ‘கரன்ட்வெர்ஷன்’, ‘பாலிசிஸ்’, ‘சிஸ்டம்’ என்ற வரிசையில் செல்லுங்கள். வலப்புறத்தில் 32 பிட் டி-வேர்ட் வகையில் புதிய மதிப்பு ஒன்றை உருவாக்கி, ‘வெர்போஸ் ஸ்டேட்டஸ்’ என்ற இரண்டு சொற்களையும் ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றிச் சேர்த்துப் பெயரிட்டு, மதிப்பை 1 ஆக்குங்கள். ரெஜிஸ்ட்ரியில் வேறு எதையும் தொட வேண்டாம். அடுத்த முறை உறையும்போது திரையில் நிற்கும் வரியைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகனின் மடிக்கணினியில் இப்படித்தான் பிடிபட்டது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் பிராட்பேண்ட் வருவதற்கு முன் அவன் பயன்படுத்திய டேட்டா கார்டு ஒன்றின் மென்பொருள் நீக்கப்படாமல் இருந்தது. கார்டு எங்கே போனது என்று யாருக்கும் நினைவில்லை. அதன் சேவை மட்டும் ஒவ்வோர் இரவும் இல்லாத கார்டுக்காகக் காத்திருந்தது. அதற்கு முன் அவன் இரண்டு முறை விண்டோஸ் அப்டேட்டைக் குறைசொல்லியிருந்தான்.

செயலியிலோ சேவையிலோ நிற்கிறது என்றால்

முதலில் யுஎஸ்பி மவுஸ், பென்டிரைவ், பிரின்டர், வெளித்திரை, டாக் என்று செருகியிருக்கும் அனைத்தையும் கழற்றிவிட்டு ஒருமுறை அணைத்துப் பாருங்கள். இது ஒரு நிமிடச் சோதனை. ஆனால் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள். மெமரி கார்டு துளையில் மறந்துவிட்ட கார்டையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு பாதியாகப் பிரித்துத் தேடும் முறை. ரன் பெட்டியில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டினால் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறக்கும். அதன் ‘சர்வீசஸ்’ பக்கத்தில், மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் குறியிட்டுவிடுங்கள். இதை மறந்தால் கணினிக்கே தேவையான சேவைகளும் நின்றுவிடும். எஞ்சியவை அனைத்தையும் நிறுத்தி, டாஸ்க் மேனேஜரில் தொடக்கச் செயலிகளையும் நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, அதன் பின் அணைத்துப் பாருங்கள். சரியாக அணைந்தால் நிறுத்திய பட்டியலுக்குள்தான் குற்றவாளி இருக்கிறது. பாதியை மீண்டும் இயக்குங்கள். உறைந்தால் அந்தப் பாதியில், உறையாவிட்டால் மறுபாதியில். முப்பது சேவைகள் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். என் அனுபவத்தில் அடிக்கடி அகப்படுபவை, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுவிய இரண்டு ஆன்டிவைரஸ்கள், விபிஎன் மென்பொருள்கள், பிரின்டருடன் வந்த உதவி மென்பொருள்கள், மேகச் சேமிப்புடன் கோப்புகளை ஒத்திசைக்கும் செயலிகள் ஆகியவை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சேவைகளுக்கு விண்டோஸ் தரும் அவகாசத்தை ரெஜிஸ்ட்ரியில் 5000 மில்லிவினாடியிலிருந்து 2000 ஆகக் குறைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் காணப்படுகிறது. அது நோயை விட்டுவிட்டு அறிகுறியின் வாயைப் பொத்துவதுதான். தரவுத்தளம் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு மென்பொருளை இரண்டு வினாடியில் கொன்றால் என்ன ஆகும் என்பதைக் கடை வைத்திருப்பவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியில் பார்க்கத்தக்க வேறோர் இடம் உண்டு. நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்பை அணையும்போது அழிக்கும் அமைப்பு ஒன்று ‘செஷன் மேனேஜர்’ கிளையின் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ பகுதியில் இருக்கிறது; பாதுகாப்புக்காக யாரோ அதை 1 என்று வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் பல ஜிபி அளவுள்ள அந்தக் கோப்பு முழுவதும் அழித்தெழுதப்படும், சுழலும் வட்டில் அதற்கே பல நிமிடம் ஆகும். முன்பு அலுவலகத்தில் இருந்த பழைய மடிக்கணினி என்றால் இதைச் சரிபார்த்து, 1 இருந்தால் 0 ஆக்குங்கள்.

திரை இருண்ட பிறகும் விளக்கு எரிகிறது என்றால்

இங்கே ஐயத்துக்குரியவை டிரைவர்கள். சில நேரம் கணினி நெடுநேரம் காத்திருந்துவிட்டு, ‘டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்’ என்ற பெயருடன் நீலத்திரை காட்டி மறுபடியும் தொடங்கும். ஒரு சாதனத்தின் டிரைவர், உறங்கு என்ற கட்டளையைப் பெற்றுப் பதில் சொல்லவே இல்லை என்பதுதான் அதன் பொருள். நீலத்திரை வராதபோதும் காரணம் பெரும்பாலும் இதே வகைதான்.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது திரை அடாப்டர். இரண்டு கிராஃபிக்ஸ் சில்லுகள் உள்ள மடிக்கணினிகளில் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவது வைஃபை அடாப்டர். மூன்றாவது, ‘சிஸ்டம் டிவைசஸ்’ பிரிவில் இருக்கும் ‘இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின் இன்டர்ஃபேஸ்’. இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 2015-இல் விண்டோஸ் 10 வந்த புதிதில், அதற்கு மாறிய பல மடிக்கணினிகள் திரை இருண்டும் மின்சாரம் அணையாமல் நின்றதற்கு இதன் 11-ஆம் பதிப்பு டிரைவரே காரணமாக இருந்தது. பழைய பதிப்புக்குத் திரும்பியதும் அவை சரியாயின. அக்காலத்து மடிக்கணினி இன்னும் உங்களிடம் இருந்தால் முதலில் இதையே பாருங்கள்.

கோளாறு அண்மையில்தான் தொடங்கியது என்றால், டிரைவரின் பண்புகளில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் உயிருடன் இருக்கிறதா என்று பார்த்து அதைப் பயன்படுத்துங்கள். நெடுநாளாக இருக்கும் கோளாறு என்றால், மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு கோளாறோடு வந்தவர்கள் மூன்றோடு திரும்பியதைக் கண்டிருக்கிறேன்.

வட்டின் உடல்நிலை

நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதி முடிக்கும்வரை விண்டோஸ் அணையாது. வட்டு தடுமாறினால் அணைவதும் தடுமாறும். கோப்புகளைத் திறக்கும்போதும் கணினி அவ்வப்போது திணறுகிறது, டாஸ்க் மேனேஜரில் வட்டுப் பயன்பாடு காரணமின்றி 100 விழுக்காட்டில் நிற்கிறது என்றால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் வட்டின் நலக்குறிப்பைப் படியுங்கள். சுழலும் வட்டில் மாற்றியமைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், தீர்வுக்காகக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் பூச்சியமாக இருப்பதே நலம். வாரத்துக்கு வாரம் அவை ஏறினால் வேறு எதையும் தேடாமல் வட்டை மாற்றிவிடுங்கள்.

வட்டு நன்றாக இருந்தால், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் சிதைந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, எஸ், எஃப், சி ஆகிய மூன்று எழுத்துகளையும், ஓர் இடைவெளியையும், ஒரு சாய்கோட்டையும், அதனோடு ஒட்டி ‘ஸ்கேன்நவ்’ என்பதையும் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். முடியும்வரை சாளரத்தை மூடக் கூடாது.

விண்டோஸுக்கு வெளியே ஒரு சோதனை

இத்தனைக்குப் பிறகும் உறைகிறது என்றால், கோளாறு விண்டோஸிலா இயந்திரத்திலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்குங்கள். பத்து நிமிடம் பயன்படுத்திவிட்டு அங்கிருந்து அணையுங்கள். பென்டிரைவை எடுத்துவிட்டு என்டர் அழுத்தச் சொல்லி அது காத்திருக்கும். அதை உறைவு என்று எண்ணிவிட வேண்டாம்.

லினக்ஸில் சரியாக அணைந்தால் இயந்திரம் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில், அமைப்புகளின் ‘ரெக்கவரி’ பக்கத்தில், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மட்டும் அப்டேட் வழியாக மறுபடி நிறுவும் தேர்வு இருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு நிறுவுவதற்கு முன் இதை முயலுங்கள்.

லினக்ஸிலும் விளக்கு அணையவில்லை என்றால் பயாஸ் பக்கம் திரும்ப வேண்டும். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றுங்கள். பிறகு பயாஸ் அமைப்புகளை அவற்றின் இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். பயாஸைப் புதுப்பிப்பது அடுத்த படி. அதைச் செய்யும்போது பேட்டரி பாதிக்கு மேல் நிறைந்தும் சார்ஜர் செருகியும் இருக்க வேண்டும். மின்தடை வரும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பாதியில் நின்ற பயாஸ் கணினியை எழவே விடாது.

அதுவும் பலிக்கவில்லை என்றால் தாய்ப்பலகையைப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுசெல்ல வேண்டியதுதான். ‘ஆஃப் ஆக மாட்டேங்குது’ என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் முதல் வேலையாக ஃபார்மட் அடித்துவிடுவார்கள். லினக்ஸிலும் அணையவில்லை என்பதையும், எடுத்த படங்களையும் காட்டி, ஃபார்மட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்ப வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன், சார்ஜர் செருகிய நிலையில் மூன்று முறையும் பேட்டரியில் மூன்று முறையும் உங்கள் கண்ணெதிரே அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.